தாத்தா கையில் தம்ளரைக் கொடுங்கள்!

நோயில் விழுந்தவர் மறுபடியும் தம் வேலையைத் தாமே செய்ய, வீட்டிலேயே ஒரு பயிற்சி

பீங்கான் கோப்பை கை தவறிக் கீழே விழுந்தால் என்ன ஆகும்?

உடைந்து போகும். உடைந்தது உடைந்ததுதான். சூளையில் வெந்த மண்ணை மறுபடியும் களிமண்ணாகப் பிசைய முடியாது.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியது இல்லை. பொம்மையும் விளக்கும் மின்சாரச் சாமானும் செய்யும் ஊர் அது. பீங்கான் தொழிலுக்கு என்றே தனித் தொழிற்பேட்டை உண்டு. அந்தத் தொழிலைக் கற்றுக் கொடுக்கும் பயிலகமும் உண்டு.

சரி, மனிதன் கீழே விழுந்தால்?

மனிதன் பீங்கான் அல்ல. பக்கவாதத்தில் விழுந்த கை மறுபடியும் அசையலாம். எலும்பு முறிந்த கால் மறுபடியும் நடக்கலாம். ஆனால் நம் வீடுகளில் பல பேர் நோயாளியைப் பீங்கான் கோப்பையைப் போலத்தான் பார்க்கிறோம். "இனிமேல் அவ்வளவுதான்" என்று முடிவு கட்டி விடுகிறோம்.

அந்த முடிவு சரிதானா? அதைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

பெயரிலேயே முதுமை!

'விருத்தம்' என்றால் முதுமை. 'அசலம்' என்றால் மலை. விருத்தாசலம் என்றால் பழைய மலை. முதுகுன்றம் என்றும் இந்த ஊருக்குப் பெயர் உண்டு. பழமலைநாதர் கோவில் கொண்டிருக்கும் ஊர் அல்லவா?

முதுமையைப் பெயரிலேயே வைத்திருக்கும் இந்த ஊரில் மட்டும் அல்ல, தமிழ்நாடு முழுவதுமே முதியவர்கள் பெருகி வருகிறார்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியா முழுவதும் 100 பேரில் சுமார் 8 அல்லது 9 பேர் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். தமிழ்நாட்டில் அது 100க்கு 10 பேருக்கு மேல்.

ஆயுள் கூடுவது நல்லதுதான். ஆனால் கூடிய ஆயுளைக் கட்டிலில் கழிப்பதா, காலில் நின்று கழிப்பதா? கேள்வி அதுதான்.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள்

விருத்தாசலத்தில் ஒரு வீட்டை மனத்தில் வைத்துக் கொள்வோம். எந்த ஊரிலும் இருக்கக் கூடிய வீடுதான்.

பெரியவருக்கு வயது 64. முப்பது வருடம் சூளையில் வேலை பார்த்தவர். ஒரு நாள் காலையில் முகம் கோணியது. வலக் கை தொங்கியது. பேச்சுக் குழறியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிர் பிழைத்தது. பத்தாம் நாள் வீடு திரும்பினார். வலக் கையிலும் வலக் காலிலும் பலம் குறைந்து விட்டது.

வீட்டில் எல்லோரும் நல்லவர்கள். மனைவி பக்கத்தை விட்டு நகரவில்லை. மகன் தூக்கி உட்கார வைக்கிறான். மருமகள் பொம்மைக்கு வர்ணம் பூசும் வேலைக்குப் போகிறவள். அவள் வேலையை நிறுத்திக் கொண்டாள். சாதத்தைப் பிசைந்து ஊட்டுகிறாள்.

பெரியவர் தம்ளரை எடுக்கக் கையை நீட்டுகிறார்.

"நீங்கள் சும்மா இருங்கள், மாமா. கொட்டி விடும். நான் தருகிறேன்" என்று மருமகள் ஓடி வருகிறாள்.

எழுந்திருக்கப் பார்க்கிறார்.

"விழுந்து விடப் போகிறீர்கள், அப்பா. படுத்துக் கொள்ளுங்கள்" என்கிறான் மகன்.

இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? எல்லாம் அன்புதான். ஆனால் ஒரு மாதம் ஆகிறது. மூன்று மாதம் ஆகிறது. பெரியவர் கையை நீட்டுவதையே நிறுத்தி விடுகிறார். எழுந்திருக்க முயல்வதும் இல்லை. நோய் எடுத்துக் கொண்டது பாதி. மீதிப் பாதி அன்பின் பெயரால் போய் விட்டது!

படுக்கை என்னும் பகை

ஓய்வு எடுத்தால் உடம்பு தேறும் என்று நினைக்கிறோம். காய்ச்சலுக்கு அது சரி. ஆனால் அளவுக்கு மிஞ்சிய படுக்கை உடம்பைத் தின்று விடும்.

2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நோய் எதுவும் இல்லாத முதியவர்கள் சிலரைப் பத்து நாள் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். பத்தே நாள்தான். கால்களில் மட்டும் சுமார் ஒரு கிலோ சதை குறைந்து விட்டது!

நோய் இல்லாதவருக்கே இந்தக் கதி என்றால், நோயில் விழுந்தவருக்கு?

படுக்கையிலேயே கிடந்தால் சதை வற்றும். மூட்டு இறுகும். முதுகில் புண் வரும். நெஞ்சில் சளி கட்டும். மலச்சிக்கல் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, மனம் ஒடிந்து போகும். 'நான் யாருக்கும் பயன்படாதவன்' என்ற எண்ணம் வந்து விட்டால், மருந்து பாதிதான் வேலை செய்யும்.

ஸ்வீடனில் தொடங்கியது

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியது அல்ல. மேல்நாடுகளிலும் இருந்தது. அங்கே முதியவர் வீட்டுக்கு நகராட்சியே உதவி ஆளை அனுப்பும். அந்த ஆள் வந்து குளிப்பாட்டுவார், உடை மாட்டி விடுவார், சமைத்து வைப்பார். முதியவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருப்பார். நாளுக்கு நாள் அவருக்கு இன்னும் அதிக உதவி தேவைப்பட்டது.

ஸ்வீடனில் ஊஸ்டர்சுண்டு என்ற ஊரில் 1999ஆம் ஆண்டு இதை மாற்றிப் பார்த்தார்கள். 2008ஆம் ஆண்டு டென்மார்க்கில் பிரெடரிசியா என்ற நகரம் அந்த வழியைப் பின்பற்றியது.

என்ன மாற்றம்? கேள்வியை மாற்றினார்கள். அவ்வளவுதான்!

"உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்று கேட்பது பழைய முறை.

"எந்த வேலையை நீங்களே மறுபடியும் செய்ய ஆசைப்படுகிறீர்கள்?" என்று கேட்பது புதிய முறை.

ஒருவர், "நானே காபி போட்டுக் கொள்ள வேண்டும்" என்பார். இன்னொருவர், "தனியாகக் குளிக்க வேண்டும்" என்பார். அந்த ஒரு வேலையை எடுத்துக் கொண்டு, சில வாரங்கள் அவருக்குப் பயிற்சி கொடுப்பார்கள். உதவி ஆள் கையைக் கட்டிக் கொண்டு பக்கத்தில் நிற்பார். தேவைப்பட்டால்தான் கை கொடுப்பார்.

இதற்கு ஆங்கிலத்தில் 'ரீஏபிள்மென்ட்' என்று பெயர். நாம் 'மீள்திறன் பயிற்சி' என்று சொல்லலாம். இழந்த திறனை மீட்டுக் கொள்ளும் பயிற்சி.

2015ஆம் ஆண்டு டென்மார்க் இதைச் சட்டத்திலேயே சேர்த்து விட்டது. முதியவருக்கு நிரந்தர உதவி ஆளை அமர்த்தும் முன்பு, அவர் தேறக் கூடியவரா என்று பார்த்து, இந்தப் பயிற்சியைக் கொடுக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். இங்கிலாந்திலும் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இத்தகைய பயிற்சி தேவைப்படுகிறவருக்கு ஆறு வாரம் வரை கட்டணம் கிடையாது.

வேலூரில் ஒரு வீரப் பெண்

மேல்நாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? நம் தமிழ்நாட்டுக் கதையையே கேளுங்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மேரி வர்கீஸ் என்று ஓர் இளம் டாக்டர் இருந்தார். 1954ஆம் ஆண்டு அவர் போன கார் கவிழ்ந்தது. முதுகுத் தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் விட்டது. எழுந்து நிற்க முடியாது.

அவருடைய டாக்டர் வேலை அத்துடன் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஆனால் டாக்டர் பால் பிராண்ட் அப்படி நினைக்கவில்லை. தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளை அறுவை வைத்தியத்தால் சரி செய்து புகழ் பெற்றவர் அவர். 'கை ஆபரேஷனை உட்கார்ந்து கொண்டும் செய்யலாமே!' என்பது அவர் எண்ணம். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே ஆபரேஷன் செய்யத் தொடங்கினார். முடங்கிய கைகளை நிமிர்த்தினார்!

பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் பயிற்சி பெற்றார். அமெரிக்காவுக்குப் போய் டாக்டர் ஹோவர்டு ரஸ்க் என்ற நிபுணரிடம் படித்தார். ஊனமுற்றவரைப் படுக்க வைக்காமல் எழுப்பி வேலை செய்ய வைக்கும் வைத்தியத்தில் ரஸ்க் பெயர் பெற்றவர். திரும்பி வந்த மேரி வர்கீஸ், 1966ஆம் ஆண்டு வேலூரில் மறுவாழ்வு நிலையம் தொடங்கக் காரணமாக இருந்தார். 1972ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

ஆய்க்குடியில் ஓர் இளைஞர்

இன்னொரு கதை. எஸ். ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர். 1975ஆம் ஆண்டு கடற்படை அதிகாரி வேலைக்கான தேர்வுக்குப் போனார். உடல் தகுதிச் சோதனையில் கீழே விழுந்தார். கழுத்துக்குக் கீழே செயல் இழந்தது.

அவர் என்ன செய்தார்? தென்காசி அருகே உள்ள ஆய்க்குடியில், 1981ஆம் ஆண்டு 'அமர் சேவா சங்கம்' என்ற தொண்டு நிலையத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டு ஊனமுற்றோருக்கான உலக ஆண்டு. அந்தச் சங்கம் கிராமம் கிராமமாகப் போய், வீட்டு வாசலிலேயே பயிற்சி கொடுக்கும் முறையை வளர்த்தது. 2020ஆம் ஆண்டு அவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இந்த இருவரின் உடம்பும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆனால் 'எது போயிற்று' என்று எண்ணிக் கொண்டிருக்காமல், 'எது மிஞ்சி இருக்கிறது' என்று பார்த்தார்கள். மீள்திறன் பயிற்சியின் வேர் அதுதான்.

வாசலுக்கு வரும் வைத்தியம்

"அதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரியில். நம் வீட்டுக்கு யார் வருவார்கள்?" என்று கேட்கலாம்.

வருவதற்கு வழி உண்டு. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ந்தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில், தமிழ்நாடு அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை வியாதிக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுப்பது அதன் ஒரு பகுதி. பிசியோதெரபி என்னும் உடற்பயிற்சி வைத்தியம் செய்பவர் நோயாளியின் வீட்டுக்கே போவது இன்னொரு பகுதி. தீராத நோயில் கிடப்பவரின் வலியைத் தணிக்கும் நர்சு போவது மற்றொரு பகுதி.

2024ஆம் ஆண்டு இந்தத் திட்டம் ஐக்கிய நாடுகள் சபையின் விருதையும் பெற்றது.

இப்படி வீடு தேடிவரும் ஏற்பாட்டைப் பற்றி உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 104 என்ற எண்ணுக்குப் போன் செய்து யோசனை கேட்கலாம். முதியோருக்கான உதவி எண் 14567.

ஆனால் ஒன்று. பிசியோதெரபிஸ்டு நாள் முழுவதும் உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருக்க முடியாது. அவர் வந்து காட்டிவிட்டுப் போவார். மற்ற நேரம் எல்லாம் வீட்டார் கையில்தான் இருக்கிறது. டென்மார்க்கில் நகராட்சி செய்யும் வேலையை, இங்கே பிசியோதெரபிஸ்டும் நோயாளியும் வீட்டாரும் மூன்று பேராகச் சேர்ந்து செய்ய வேண்டும்.

முதல் கேள்வி

எப்படித் தொடங்குவது? முதலில் கேள்வியைக் கேளுங்கள்.

"அப்பா, எந்த வேலையை நீங்களே செய்ய வேண்டும் என்று ஆசை?"

நாம் பார்த்த வீட்டுப் பெரியவரிடம் கேட்டால் என்ன சொல்வார்? "என் காபியை நானே குடிக்க வேண்டும்" என்று சொல்லலாம். "மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றுக்குப் போக வேண்டும்" என்று சொல்லலாம். "கக்கூசுக்கு யாரும் கூட வரக் கூடாது" என்று சொல்லலாம். மூன்றாவது ஆசையைப் பலர் வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் மனத்தில் அதுதான் முதலாவதாக இருக்கும்.

ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆறு வாரம் என்று கெடு வையுங்கள். பெரிய வேலையைச் சிறு துண்டுகளாக வெட்டுங்கள்.

தம்ளரைத் தாமே எடுத்துக் குடிப்பதை எடுத்துக் கொள்வோம். முதலில், அவருக்கு விழுங்குவதில் தடை இல்லை என்று டாக்டர் சொல்ல வேண்டும். குடிக்கும்போது இருமலோ புரையேறுவதோ இருந்தால், டாக்டரிடம் காட்டாமல் இந்தப் பயிற்சியைத் தொடங்கக் கூடாது.

அவரை நிமிர்ந்து உட்கார வையுங்கள். தம்ளரில் கால் பங்கு மட்டும் ஊற்றுங்கள். ஆறிய காபியாக இருக்கட்டும். இரண்டு கையாலும் பிடிக்கட்டும். நீங்கள் தம்ளரின் அடியில் விரலை வைத்துத் தாங்குங்கள். சில நாள் போன பிறகு விரலை எடுத்து விடுங்கள். பிறகு அரைத் தம்ளர். பிறகு முழுத் தம்ளர்.

கொட்டுமா? கொட்டும். கொட்டட்டும். மடியில் ஒரு துண்டைப் போட்டால் போகிறது!

சாப்பாட்டிலும் அப்படித்தான். வலக் கை விழுந்தவர்களில் பலர், "இடக் கையால் சாப்பிடுவதா?" என்று கூசுகிறார்கள். அதனால் பிறர் ஊட்ட வேண்டி வருகிறது. இடக் கையில் கரண்டியைக் கொடுங்கள். வலக் கை தட்டைத் தொட்டுக் கொண்டு இருக்கட்டும். அந்தக் கையையும் மறக்க விடக் கூடாது. தட்டுக்கு அடியில் ஈரத் துணியை விரித்தால் தட்டு நகராது. கரண்டிக் காம்பில் துணியைச் சுற்றிப் பருமனாக்கினால் பிடிக்க எளிதாக இருக்கும். விளிம்பு உயர்ந்த தட்டாக இருந்தால் சாதம் வெளியே சிந்தாது.

விரலுக்குப் பயிற்சி வேண்டுமா? சப்பாத்தி மாவைக் கொடுத்துப் பிசையச் சொல்லுங்கள். விருத்தாசலத்தில் களிமண்ணுக்குப் பஞ்சமா? சூளைக்காரரின் கைக்கு மண்ணைப் பிசைவது பழகிய வேலை ஆயிற்றே! பழகிய வேலையில் கை சீக்கிரம் ஒத்துழைக்கும். பாட்டியாக இருந்தால் அவரை விதை உரிக்கலாம், கீரை ஆயலாம், பூக் கட்டலாம்.

நல்ல கால் மேலே, நோய்க் கால் கீழே!

ஒரு பக்கம் பலம் குறைந்தவருக்கு உதவுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டிய சில விஷயங்கள்:

சட்டை போடும்போது, பலம் குறைந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது, நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும்.

கைத்தடியை நல்ல பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். நோய்ப் பக்கத்தில் அல்ல.

படி ஏறும்போது நல்ல கால் முன்னே. படி இறங்கும்போது பலம் குறைந்த கால் முன்னே. விருத்தாசலம் ஆழத்துப் பிள்ளையார் சந்நிதிக்குப் படி இறங்கித்தான் போக வேண்டும். போகும்போது நோய்க் கால் வழி காட்டட்டும். வரும்போது நல்ல கால் வழி காட்டட்டும்!

பலம் குறைந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது. தோள் மூட்டு நழுவி விடும்; பிறகு தீராத வலி. இடுப்பைத் தாங்கி எழுப்ப வேண்டும். எப்படி என்று பிசியோதெரபிஸ்டிடம் செய்து காட்டச் சொல்லுங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து எழுவது மிக நல்ல பயிற்சி. உயரமான, கை வைத்த, ஆடாத நாற்காலி வேண்டும். அதைச் சுவர் ஓரமாகப் போடுங்கள். ஒருவர் பக்கத்தில் நிற்க, முதலில் இரண்டு தடவை. பிறகு ஐந்து தடவை. கக்கூசில் உட்கார்ந்து எழவும் இதே பலம்தான் வேண்டும்.

வீட்டையும் கொஞ்சம் மாற்றுங்கள்

பயிற்சி பாதி என்றால், வீடு மீதிப் பாதி.

குளிக்கும் இடத்தில் பாசி பிடிக்க விடாதீர்கள். சுவரில் உறுதியான கைப்பிடிக் கம்பி போடுங்கள். வழுக்காத நாற்காலியில் உட்கார்ந்து குளிக்கட்டும். உட்காரும் கக்கூசு இல்லாவிட்டால், நடுவில் துளை உள்ள நாற்காலி கடையில் கிடைக்கும்.

கட்டிலில் இருந்து கக்கூசுக்குப் போகும் வழியில் இரவு முழுவதும் ஒரு சிறு விளக்கு எரியட்டும். வழியில் மிதியடி, வயர், தண்ணீர்க் குடம் எதுவும் வேண்டாம். அடிக்கடி எடுக்கும் சாமான்களை இடுப்பு உயரத்தில் வையுங்கள். குனியவும் வேண்டாம், எட்டவும் வேண்டாம்.

மூக்குக் கண்ணாடி சரியாக இருக்கிறதா? காது கேட்கிறதா? இதையும் பாருங்கள். கால் பலமாக இருந்தும், கண் தெரியாமல் பயந்து உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

இவற்றில் சில செலவே இல்லாதவை. மற்றவை சிறு செலவு. இடுப்பு எலும்பு முறிந்தால் ஆகும் செலவை நினைத்தால் இது ஒன்றும் இல்லை.

எல்லோருக்கும் பொருந்துமா?

பொருந்தாது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

புதிதாக எலும்பு முறிந்தவர், நெஞ்சு வலி உள்ளவர், நிற்கும்போது தலை சுற்றுகிறவர், மூச்சு வாங்குகிறவர் ஆகியோர் டாக்டரைக் கேட்காமல் எந்தப் பயிற்சியும் செய்யக் கூடாது. நோய் முற்றிய கடைசிக் காலத்தில் இருப்பவருக்கு வேண்டியது பயிற்சி அல்ல. வலி இல்லாத ஆறுதல். ஞாபக மறதி நோய் முற்றியவரிடம் 'நீங்களே செய்யுங்கள்' என்று வற்புறுத்துவது கொடுமை.

பயிற்சி செய்தவர்கள் எல்லோரும் பழைய நிலைக்கு வந்து விடுவார்கள் என்றும் யாரும் உறுதி சொல்ல முடியாது. சிலர் நன்றாகத் தேறுவார்கள். சிலர் ஓரளவு தேறுவார்கள். ஓரளவு என்றாலும் அது அவருக்குப் பெரிது. கக்கூசுக்குத் தனியாகப் போக முடிந்தவரின் முகத்தைப் பாருங்கள், தெரியும்.

இன்னும் ஒன்று. "நீயே செய்து கொள்" என்று முதியவரைக் கை விடுவதற்கு இது சாக்கு ஆகி விடக் கூடாது. செய்து கொடுப்பதற்குப் பத்து நிமிஷம் போதும். பக்கத்தில் நின்று செய்ய விடுவதற்கு அரை மணி வேண்டும். இது வேலையைக் குறைக்கும் வழி அல்ல, முதல் சில வாரங்களில். பொறுமை அதிகம் வேண்டும். பலன் பிறகுதான் தெரியும்.

திடீர் என்று மறுபடியும் முகம் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள். பக்கவாதத்தில் முதல் சில மணி நேரம் மிக முக்கியம். ரத்தக் கொதிப்பு மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். பக்கவாதத்துக்கு முதல் காரணம் அடங்காத ரத்தக் கொதிப்புத்தான்.

மருமகளின் கூலி

நோயாளியைப் பற்றியே பேசிக் கொண்டிருக்கிறோம். அவரைப் பார்த்துக் கொள்கிறவளைப் பற்றி யார் பேசுவது?

வீட்டில் ஒருவர் படுத்தால், இன்னொருவரும் வீட்டிலேயே கட்டிப் போடப்படுகிறார். பெரும்பாலும் அது பெண்தான். மனைவி அல்லது மகள் அல்லது மருமகள். நாம் பார்த்த வீட்டு மருமகள் பொம்மைக்கு வர்ணம் பூசும் வேலையை விட்டாள். அவள் கூலி நின்றது. மருந்துச் செலவு கூடும் நேரத்தில் வருமானம் குறைந்தது. இரவில் தூக்கமும் போயிற்று. பெரியவரைத் தூக்கித் தூக்கி அவள் இடுப்பும் போயிற்று.

பெரியவர் தாமே எழுந்து, தாமே சாப்பிட்டு, தாமே கக்கூசுக்குப் போனால், அவள் மறுபடியும் வேலைக்குப் போகலாம். ஆகவே, இந்தப் பயிற்சி ஒருவரை மட்டும் எழுப்புவது இல்லை. இரண்டு பேரை எழுப்புகிறது!

அதனால்தான் இதை வீட்டுப் பெண்களின் தலையில் மட்டும் கட்டி விடக் கூடாது. மகனும் காலையில் அரை மணி ஒதுக்கலாம். பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "வாருங்கள் தாத்தா, தெரு முனை வரை போய் வருவோம்" என்று கூப்பிடலாம். டாக்டர் சொல்லிக் கேளாத தாத்தா, பேரன் சொன்னால் கேட்பார்!

ஒரு படி மேலே

மாத்திரையும் பிசியோதெரபியும் வாசலுக்கு வர வழி பிறந்தது பெரிய காரியம். இனி ஒரு படி மேலே போகலாம். ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு முதியவரை வீட்டுக்கு அனுப்பும்போது, மருந்துச் சீட்டுடன் இன்னொரு சீட்டும் கொடுக்கலாம். 'இவர் மறுபடியும் தாமே செய்ய விரும்பும் வேலை இது. ஆறு வாரத்தில் செய்ய வேண்டிய பயிற்சி இது' என்று அதில் எழுதலாம். ஆறாவது வாரம் ஒருவர் வந்து பார்த்து, தேறி இருக்கிறாரா என்று குறித்துக் கொள்ளலாம்.

இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். விலை உயர்ந்த இயந்திரம் வேண்டாம். அந்த ஒரு கேள்வியைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். பதிலைக் காது கொடுத்துக் கேட்க ஒரு குடும்பம் வேண்டும்.

அரசு செய்யும்போது செய்யட்டும். உங்கள் வீட்டில் இன்றைக்கே தொடங்கலாம். மாலையில் காபி கொண்டு போகும்போது, தாத்தாவின் வாயில் ஊற்றாதீர்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, தம்ளரை அவர் கையில் கொடுங்கள். பக்கத்தில் நில்லுங்கள்.

கொஞ்சம் கொட்டும். பரவாயில்லை!